டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஆராய்ச்சியால் வடசென்னைக்கு என்ன லாபம்?

கேள்வி, 2 மார்ச் 2025

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு பேருக்குப் புற்றுநோய். காரணம் மணலித் தொழிற்சாலைப் புகை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். நீங்களோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிஎன்ஏ பழுதுபார்ப்பை ஆராய்ந்ததாக இங்கே அடிக்கடி எழுதுகிறீர்கள். உடைந்ததை உடம்பே சரிசெய்கிறது என்றால் புற்றுநோய் ஏன் வருகிறது? சரிசெய்யவில்லை என்றால் நீங்கள் எதை ஆராய்ந்தீர்கள்? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.

2 மார்ச், இரவு

பெரும்பாலும் சரிசெய்கிறது. எப்போதும் அல்ல. அந்த 'எப்போதும் அல்ல' என்பதில்தான் எனக்குச் சம்பளம் வந்தது.

3 மார்ச்

நேற்று எழுதியது திமிராக இருக்கிறதாம். வீட்டிலும் அதையே சொன்னார்கள். கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

டிஎன்ஏ கல்வெட்டு மாதிரி அசையாமல் கிடக்கும் பொருள் என்றுதான் 1960களில் பலரும் நம்பினார்கள். ஸ்வீடன்காரர் தோமஸ் லிண்டாலுக்கு அதில் சந்தேகம் வந்தது. அவர் போட்ட கணக்கு பயமுறுத்தும்: வெறும் தண்ணீரும் உடற்சூடும் போதும், ஒரே ஒரு செல்லின் டிஎன்ஏவிலிருந்து நாளொன்றுக்குப் 10,000 எழுத்துகள் (டிஎன்ஏவில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதித் துண்டுகளைத்தான் எழுத்து என்கிறேன்) அளவில் உதிர்கின்றன. வெயில் வேண்டாம், பீடி வேண்டாம், மணலியும் வேண்டாம். காசிமேட்டில் யாரும் தொடாத இரும்புக் கதவு உப்புக்காற்றில் தானே துருப்பிடிக்கிறதே, அப்படி. இவ்வளவு உதிர்ந்தும் நாம் நடமாடுகிறோம் என்றால் உள்ளே யாரோ ஓயாமல் பூசிக்கொண்டிருக்க வேண்டும். 1974இல் அந்த வேலையாட்களில் ஒருவரைப் பிடித்துவிட்டார். டிஎன்ஏவில் இருக்கக் கூடாத யுராசில் எழுத்தை மட்டும் அடையாளம் கண்டு கிள்ளி எறியும் நொதி அது. 2015இல் வேதியியல் நோபல் அவருக்கும் பால் மாட்ரிச்சுக்கும் அஜீஸ் சன்ஜாருக்கும் கிடைத்தது.

சன்ஜார் கதையைத் தனியாக எழுத வேண்டும். எனக்கு அவர்மேல் ஒரு பட்சபாதம் உண்டு.

4 மார்ச்

மணலியைப் பற்றிப் பேசாமல் நழுவிவிட்டேன் என்று ஒருவர் குத்தியிருக்கிறார். நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர், தேரடிக்குப் பக்கம். மாடியில் காயப்போட்ட வேட்டியைச் சாயங்காலம் உதறினால் கரித்தூள் உதிரும். அம்மா வெள்ளைத் துணியை மட்டும் வீட்டுக்குள்ளேயே காயப்போடுவார். எனக்குப் புகையைப் பற்றிப் பாடம் வேண்டாம்.

நிலக்கரி, பீடி, டீசல், எது அரைகுறையாக எரிந்தாலும் பென்சோபைரீன் என்ற பொருள் கொஞ்சம் வரும். அது தானாக ஒன்றும் செய்யாது. உடம்பு அதைக் கரைத்து வெளியேற்றப் பார்க்கிறது பாருங்கள், அங்கேதான் வினை. கரைக்கப்போய், டிஎன்ஏவின் குவானின் எழுத்தில் ஒட்டிக்கொள்ளும் வடிவத்துக்கு அதை மாற்றிவிடுகிறது. பி53 என்று ஒரு காவல்கார மரபணு இருக்கிறது. அதில் இந்தப் பொருள் எந்த இடங்களில் ஒட்டுகிறது என்று 1996இல் வரைபடம் போட்டார்கள். நுரையீரல் புற்றுநோயில் அந்த மரபணு அடிக்கடி மாறியிருக்கும் இடங்கள் எவையோ, அதே இடங்கள். படித்த அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் உங்கள் தெருவில் ஒருவரைக் காட்டி, இவருக்கு வந்தது அந்தப் புகைபோக்கியால்தான் என்று கேட்டால் என்னால் ஆமாம் போட முடியாது. ஒவ்வொரு சேதமும் டிஎன்ஏவில் தனக்கென்று ஒரு தடம் விடுகிறது என்பது உண்மை. 2013இல் 7,000க்கும் மேற்பட்ட புற்றுக்கட்டிகளின் மரபணு மாற்றங்களைக் கூட்டிக் கழித்து இருபதுக்கும் மேற்பட்ட தடங்களைப் பிரித்தார்கள். புகையிலைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு சிகரெட் குடித்தால் ஒவ்வொரு நுரையீரல் செல்லிலும் சராசரியாக 150 மாற்றங்கள் சேர்கின்றன என்று 2016இல் கணக்குச் சொன்னார்கள். இத்தனை இருந்தும், ஊர் பேரும் கதவு எண்ணும் போட்ட தடம் எதுவும் கிடையாது.

புகையா பழுதுபார்ப்பா என்பது பட்டிமன்றத் தலைப்பு அல்ல. புகை கிழிக்கிறது, செல் தைக்கிறது. தைக்காமல் விட்டது, செல் இரண்டாகும்போது நிரந்தரமாகிவிடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் கச்சா எண்ணெய் வந்து படிந்தபோது மீனவர்கள் வாளியில் அள்ளிப் படகில் கொட்டினார்களே, அந்த எண்ணெயிலும் இந்த வகைப் பொருள்கள் உண்டு. பலர் கையில் உறைகூட இல்லை. மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். என் ஆராய்ச்சி அதற்குப் பதில் அல்ல.

4 மார்ச், பிறகு

'சாப்பாடு இறங்கவில்லை' என்பது மிகை. சாப்பிட்டேன். தாமதமாகச் சாப்பிட்டேன்.

6 மார்ச்

ஆராய்ச்சி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். மொத்தம் பத்தொன்பது கட்டுரைகள். அதில் மூன்றை நானே நம்புகிறேன். போதுமா? போதாதென்றால் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

1989. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து முதல் ஆண்டு. தினமும் டோல்கேட்டில் பஸ் ஏறி நகரத்தின் மறுகோடிக்குப் போவேன். ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்த வேலை எளியது. ஈ. கோலை பாக்டீரியாவைப் பெட்ரி தட்டில் பரப்ப வேண்டும், புற ஊதா விளக்கின்கீழ் சில நொடி காட்ட வேண்டும், இன்குபேட்டரில் வைத்து மறுநாள் எத்தனை புள்ளிகள் முளைத்தன என்று எண்ண வேண்டும். எட்டு நொடி, பன்னிரண்டு நொடி என்று கூட்டக் கூட்டப் புள்ளிகள் குறைய வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஒரு நாள் நாற்பது வரும், மறுநாள் அதே நொடிக்கு நானூறு வரும். விளக்கை மாற்றினேன். பாக்டீரியா வளரும் ஊடகத்தை மாற்றினேன். வழிகாட்டி என் கையெழுத்தையே சந்தேகித்தார்.

ஒரு சாயங்காலம் விளக்கை அணைத்துத் தட்டுகளை மூடி மேசையில் அடுக்கிய அதே நிமிடம் மின்சாரம் போயிற்று. இன்குபேட்டருக்கு மட்டும் ஜெனரேட்டர் இணைப்பு இருந்தது. இருட்டில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகப் பயந்து, மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பார்த்தால் தட்டுகள் கிட்டத்தட்டக் காலி.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஈ. கோலையிடம் போட்டோலையேஸ் என்ற நொதி இருக்கிறது. புற ஊதா ஒளி பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். இந்த நொதி நீல ஒளியை வாங்கி அதே வலுவில் ஒட்டைப் பிரித்துவிடும். ஒளிதான் அதற்குக் கூலி. என் தட்டுகள் மேசையில் அரைமணி நேரம் டியூப்லைட் வெளிச்சத்தில் காத்திருந்த நாளெல்லாம் பாக்டீரியா தன்னைச் சரிசெய்துகொண்டது. இருட்டில் கிடந்த நாளில் செத்தது. இதை 1949இலேயே ஆல்பர்ட் கெல்னர் கண்டுபிடித்துவிட்டார். அவரும் காரணமில்லாமல் கூடிக் குறையும் எண்களோடு மல்லாடியவர்தான். வெப்பநிலையைச் சந்தேகித்துக் கடைசியில் வெளிச்சத்தில் வந்து நின்றார். வெட்கக்கேடு என்னவென்றால், எம்.எஸ்சி. தேர்வில் இந்தக் கேள்விக்கு எட்டு மதிப்பெண் வாங்கியவள் நான்.

மறுநாளே மின்ட் தெருக் கடையில் மஞ்சள் கண்ணாடித்தாள் வாங்கிவந்து டியூப்லைட்டைச் சுற்றினேன். எண்கள் அடங்கின. ஆய்வகமே மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருந்தது.

7 மார்ச்

"அப்படியென்றால் புற்றுநோய்க்காரர்களை வெயிலில் உட்காரவைக்கலாமா?" என்று கேட்டவருக்கு: கூடாது. போட்டோலையேஸ் பாக்டீரியாவிடம் உண்டு, ஈஸ்ட்டிடம் உண்டு, மீனிடம் உண்டு, கங்காருவிடம்கூட உண்டு. நம் பரம்பரையில் எப்போதோ தொலைந்துவிட்டது. நம் டிஎன்ஏவுக்கு வெயில் கொடுப்பது சேதம் மட்டும்தான். கங்காருவாகப் பிறந்தால் யோசிக்கலாம்.

8 மார்ச்

ஒளி நொதி இல்லாத நாம் என்ன செய்கிறோம்? வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புகிறோம். காசிமேட்டில் கிழிந்த வலையைச் சரிசெய்வதைப் பார்த்திருப்பீர்கள். கிழிந்த இடத்தை அப்படியே இழுத்து முடிய மாட்டார்கள். பிசிறு பிசிறாக நிற்கும் கண்ணிகளைச் சுற்றிலும் கத்தியால் கத்தரித்துவிட்டு, ஓட்டையை இன்னும் பெரிதாக்கிய பிறகுதான் ஊசியில் நூல் ஏற்றிப் பின்னுவார்கள். செல்லும் அதையே செய்கிறது. கெட்டது ஓரிரண்டு எழுத்துகளானாலும் இருபுறமும் தள்ளி வெட்டும். பாக்டீரியா எடுப்பது 12, 13 எழுத்துகள். நம் செல் எடுப்பது 30க்குக் கிட்டத்தட்ட. டிஎன்ஏ ஒன்றுக்கொன்று ஜோடியான இரண்டு இழைகள் என்பதால், பிறகு எதிர் இழையைப் பார்த்து இடைவெளியை நிரப்பும்.

இருபுறமும் வெட்டுகிறது என்பதை 1983இல் காட்டியவர் சன்ஜார். துருக்கியில் சவுர் என்ற சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் பள்ளிக்கூடம் போகாதவர்கள், எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. மருத்துவம் படித்து ஊர்ப்பக்கம் டாக்டராக இருந்தவர், டல்லாஸுக்குப் போய் போட்டோலையேஸ் மரபணுவைத் தனியே பிரித்தெடுத்து முனைவர் ஆனார். அதன் பிறகு ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்த ஆய்வகங்கள் கைவிரித்துவிட்டன. யேலில் டெக்னீஷியன் வேலைதான் கிடைத்தது, சேர்ந்துகொண்டார். வெட்டும் புரதங்களை அடையாளம் காணும் வழியை அந்த டெக்னீஷியன் நாற்காலியில் இருந்துதான் உருவாக்கினார். என் பட்சபாதத்துக்குக் காரணம் அதுதான்.

9 மார்ச்

காசிமேட்டிலிருந்து ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். அப்படியே போடுகிறேன்: "அம்மா, நீங்கள் சொல்வது கரையில் நேரம் இருக்கும்போது. கடலில் வலை கிழிந்தால் யார் கத்தரித்துக்கொண்டிருப்பார்கள்? இரண்டு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த வீச்சுக்கு வலையை விடுவோம். அந்த இடம் சுருங்கிப்போகும், மீன் கொஞ்சம் தப்பும். வலை போகாமல் இருக்கிறதே."

முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்த எனக்கு இந்த உவமை தோன்றவில்லை. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் செல் இதைத்தான் அடிக்கடி செய்கிறது. அறுந்த முனைகளை இழுத்து ஒட்டிவிடும். சில எழுத்துகள் தொலையும். உயிர் போகாது. நிதானமான வழி இன்னொன்று இருக்கிறது. இரட்டித்த டிஎன்ஏவின் மறுபிரதி பக்கத்தில் இருக்கும்போது, அதைப் பார்த்துப் பிசகில்லாமல் எழுதிக்கொள்வது. அந்த வழிக்குத்தான் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள் வேண்டும்.

என் உவமையில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. வலை பின்னுகிறவருக்குப் பார்த்து எழுத எதிர் இழை கிடையாது. எல்லாம் அவர் கைக்கணக்கு. அந்த வகையில் அவர் செல்லைவிடக் கெட்டிக்காரர்.

12 மார்ச்

முதல் கேள்வியைத் திரும்பப் படித்தேன். பாதிதான் பதில் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதி எழுதப் பிடிக்காத பாதி.

தண்டையார்பேட்டையில் எங்களுக்கு ஒரு பெரியம்மா முறை. சினைப்பைப் புற்றுநோய். கார்போபிளாட்டின் ஏற்றினார்கள். இந்த பிளாட்டினம் மருந்துகளின் பிறப்பே ஒரு விபத்து. 1965இல் ரோசன்பர்க் என்பவர் மின்சாரத்தால் செல் பிரிவது மாறுகிறதா என்று பார்க்கப்போனார். பிளாட்டினம் எதோடும் சேராது என்று நம்பி அதில் மின்முனை செய்தார். ஈ. கோலை பிரியாமல் நூல் நூலாக நீண்டது. காரணம் மின்சாரம் அல்ல, கரைந்து வந்த பிளாட்டினம். 1978இல் சிஸ்பிளாட்டின் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது டிஎன்ஏவில் எழுத்துகளைக் கட்டிப் போடும். செல் கட்டை அவிழ்க்கத் தெரியாமல் சாகும்.

நான் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தக் கட்டைச் செல் எப்படி அவிழ்க்கிறது என்பதை. அதாவது, மருந்தைக் கட்டி எப்படி முறியடிக்கிறது என்பதை. வாயில் நுழையாத தலைப்புகளில் எழுதினேன். பெரியம்மாவுக்கு முதல் ஆறு சுற்றில் கட்டி கரைந்தது. தெருவுக்கே கேசரி செய்து கொடுத்தார். ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது, அதே மருந்து அப்போது கேட்கவில்லை. அவர் மகன் வராந்தாவில் நின்று, "அக்கா, நீங்கள் இதைத்தானே படித்தீர்கள்?" என்று கேட்டான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

எனக்குப் பதில் தெரியும். அதுதான் கொடுமை. சில கட்டிகள் பிஆர்சிஏ பழுதானதால் பிறக்கின்றன. பழுதானதாலேயே பிளாட்டினத்துக்குச் சுருண்டும் விடுகின்றன. மருந்தின் நெருக்கடியில் சில செல்களில் இன்னொரு மாற்றம் நேர்ந்து, பழுதான மரபணு மறுபடி வேலை செய்யத் தொடங்கும். 2008இல் இரண்டு குழுக்கள் பிஆர்சிஏ2இல் இதைக் காட்டின. பழுதுபார்ப்பு நம்மைக் காப்பாற்றுகிறது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள், பெரியம்மாவின் கட்டியை அதே பழுதுபார்ப்பு காப்பாற்றியிருக்கலாம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? "மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன் தம்பி" என்றேன்.

13 மார்ச்

அனுதாபம் சொன்னவர்களுக்கு நன்றி. நடந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. தம்பி நன்றாக இருக்கிறான்.

15 மார்ச்

"அப்படியானால் பழுதுபார்ப்பையே மருந்து போட்டு நிறுத்திவிட்டால்?" என்று ஒரு பொறியாளர் கேட்டிருக்கிறார். இந்தத் தொடரிலேயே நல்ல கேள்வி. பதில் மருந்துக்கடையில் இருக்கிறது.

பிஆர்சிஏ பழுதான கட்டியிடம் நிதானமான வழி இல்லை. ஒற்றை இழைக் கீறல்களைச் சமாளிக்கப் பார்ப் என்ற புரதம் வேலை செய்யும். பார்ப்பையும் மருந்தால் முடக்கினால், சின்னக் கீறல்கள் டிஎன்ஏ இரட்டிக்கும்போது முழு அறுப்பாகும். தைக்க ஆள் இல்லாமல் கட்டி சாகும். நோயாளியின் மற்ற செல்களில் ஒரு நல்ல பிஆர்சிஏ பிரதி இருப்பதால் அவை பிழைக்கும். 2005இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் இதை வெளியிட்டன. 2014 டிசம்பரில் ஓலாபரிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதற்கு வழிபோட்டவர்களில் நம் பக்கத்துப் படிப்பும் உண்டு. பிஆர்சிஏ2 உடைந்தால் டிஎன்ஏ பழுதுபார்ப்பே குலைகிறது என்று கேம்பிரிட்ஜில் காட்டிய குழுவை நடத்திய அசோக் வெங்கிட்டராமன், வேலூர் சிஎம்சியில் மருத்துவம் படித்தவர்.

இதற்கும் எதிர்ப்பு உருவாகிறது. கட்டி கற்றுக்கொள்ளாத மருந்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் வாங்கிக் கொடுத்த மாதங்களும் ஆண்டுகளும் உண்மையானவை.

இன்னொன்று, எங்கள் வீட்டிலேயே இருந்த தப்பெண்ணம்: இது பெண்வழிச் சொத்து என்று. இல்லை. அப்பாவிடமிருந்தும் வரும். பழுதான பிரதி பிள்ளைக்குப் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகனோ மகளோ. பிஆர்சிஏ1 பழுதான பெண்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு 72 பேருக்கு மார்பகப் புற்று வருகிறது என்று 2017இல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. பிஆர்சிஏ2 என்றால் 69. ஆண்களுக்கு இதே பழுது புராஸ்டேட்டில் தலைகாட்டலாம். குடும்பத்தில் இளவயதில் மார்பகமோ சினைப்பையோ என்று இருவர் இருந்தால், மரபணு ஆலோசனை உண்டா என்று சிகிச்சை தரும் மருத்துவரிடமே வாய்விட்டுக் கேளுங்கள். பெரியம்மாவின் மகனை நான் கேட்க வைத்தேன். அந்த ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தேன்.

16 மார்ச்

கொருக்குப்பேட்டைக்காரருக்கு: பக்கத்து வீட்டு இருவருக்கும் என்ன வகைப் புற்றுநோய் என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை. ஒருவருக்கு வாய், ஒருவருக்குக் கருப்பைவாய் என்றால் புகைபோக்கியை விட்டுவிட்டுப் புகையிலைப் பொட்டலத்தையும் ஒரு வைரஸையும் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

16 மார்ச், இரவு

அதேதானாம். வாயும் கருப்பைவாயும். குறிபார்த்துச் சொல்லவில்லை, நம் ஊரில் இவை இரண்டும் அவ்வளவு சகஜம். மனுவில் என் கையெழுத்து அப்படியே இருக்கட்டும்.

22 மார்ச்

மாணவி என் பழைய ஆய்வுக் குறிப்பேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பரணிலிருந்து இறக்கினேன். கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது, உள்ளே சேதமில்லை. அந்த மின்வெட்டு நாளைத் தேடினேன். இருக்கிறது, நேரத்தோடு. மெழுகுவத்திச் சொட்டுகூட இருக்கிறது.

அதற்குப் பதினாறு நாள் முந்தைய பக்கத்தில், ஓரத்தில், என் கையெழுத்தில் இரண்டு வரி: "கழுவும் அண்ணன் சொன்னார் – அடுக்கில் மேலே இருக்கும் தட்டில் எப்போதும் கூட்டமாக முளைத்திருக்கிறதாம், கீழ்த்தட்டு காலியாம். கவனிக்க."

அப்போதெல்லாம் கண்ணாடித் தட்டுகள்தான். எண்ணி முடித்ததும் அவரிடம் போகும். அவர் கொதிக்கவைத்துக் கழுவிக் கவிழ்ப்பார். நான் ஒவ்வொரு தட்டாக எண்ணினேன், அவர் அடுக்காகப் பார்த்திருக்கிறார். மேல்தட்டின்மேல் டியூப்லைட் நேராக விழும், கீழ்த்தட்டுக்கு மேல்தட்டுகளே நிழல். முழு விடையும் அந்த இரண்டு வரியில் இருந்தது. 'கவனிக்க' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். கவனிக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக மின்வெட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், 6ஆம் தேதி இங்கேயும் சொன்னேன்.

ஆய்வேட்டை எடுத்து நன்றியுரைப் பக்கத்தைப் பார்த்தேன். பதினொரு பெயர்கள். தட்டச்சு செய்தவர் பெயர் இருக்கிறது, பைண்டிங் கடைக்காரர் பெயர்கூட இருக்கிறது.